முந்நூறு அறை வீட்டில் பிள்ளைக்கு எத்தனை அறை?

கேள்வி, 6 ஜனவரி

இங்கிலாந்துப் பிரபுக்கள் வீட்டைப் பற்றிய தொடர் ஒன்றை விடிய விடியப் பார்த்து முடித்தேன். முந்நூறு அறை, ஆளுயர ஜன்னல், கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. அங்கே பிறந்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். கண்ணாமூச்சி ஆடினால் ஒளிந்தவனைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்! அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த யாரையாவது இங்கே யாருக்காவது தெரியுமா, இல்லை எல்லாம் சினிமாதானா?

6 ஜனவரி, இரவு

நானே அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன்தான். பிரபு வம்சம் என்று யாரும் எழுந்து நிற்க வேண்டாம், அப்பா மதுரைக்காரர். 1960களின் கடைசியில் டாக்டர் வேலைக்கு இங்கிலாந்து வந்தவருக்குக் கிடைத்த ஆஸ்பத்திரி ஒரு பழைய மாளிகைக்குள் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்த மாதிரி வீடுகள் பலவற்றை இடித்துத் தள்ளிவிட்டார்கள். தப்பியவற்றில் சில பள்ளிக்கூடம், சில ஆஸ்பத்திரி, சில சிறைச்சாலை. எங்களுடையதில் டாக்டர் குடும்பத்துக்கென்று மேல்மாடியைத் தடுத்துக் கொடுத்திருந்தார்கள். எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்காதீர்கள். நடு இங்கிலாந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாளைக்கு.

7 ஜனவரி

முதலில் அந்த முந்நூறு அறைக் கணக்கு. டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு 297 அறை என்று சொல்வார்கள். அதில் பிள்ளைக்கு எத்தனை என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். உச்சி மாடியில் பகலுக்கு ஒரு அறை, படுக்க ஒரு அறை, ஆயாவுக்கு ஒரு அறை, அவ்வளவுதான் ராஜ்யம், அதற்கு நர்சரி என்று பெயர். சாப்பாடும் அங்கேயே. அடுப்படி கீழே எங்கோ கிடக்கும், கஞ்சி மேலே வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிருக்கும். சாயங்காலம் டீ முடிந்ததும் தலை வாரி, நல்ல உடுப்பு மாட்டி, கீழே வரவேற்பறைக்குக் கூட்டிப்போவார்கள். ஒரு மணி நேரம் அப்பா அம்மா தரிசனம், அப்புறம் திரும்ப மேலே. எட்டு வயதானதும் பையனை விடுதிப் பள்ளிக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். பெண் பிள்ளைக்கு வீட்டு ஆசிரியை, அதே மேல்மாடி. விக்டோரியா காலத்திலிருந்து முதல் உலகப்போர் தாண்டியும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை.

பெற்றோர் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லவில்லை. அந்த வீட்டை யாருக்காகக் கட்டினார்கள் என்று பாருங்கள். பெரிய அறைகள் விருந்தாளிக்கு. அதைவிடப் பெரிய அறைகள் ராஜா ராணி வந்தால் தங்க. பெரும்பாலும் ராஜா வரவே மாட்டார். சொந்தக்காரர்களே தங்கள் வீட்டில் ஒரு ஓரமாகத்தான் குடியிருந்தார்கள். பிள்ளை அந்த ஓரத்துக்கும் ஓரம்.

எங்களுக்குக் கொடுத்திருந்ததும் அந்த வீட்டின் பழைய நர்சரிதான்.

7 ஜனவரி, மறுபடியும்

இன்னொன்று. இங்கிலாந்து வீடுகளில் ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. ஆனால் நர்சரி ஜன்னலில் மட்டும் பிள்ளைகள் விழாமலிருக்க இரும்புக் கம்பி வைத்திருப்பார்கள். மாளிகை, படிக்கட்டு, சுதை வேலை எதையும் அம்மா பார்க்கவில்லை, நேரே ஜன்னலுக்குப் போய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு "நல்லவேளை, கம்பி போட்டிருக்கான்" என்றாளாம். மூன்றாவது மாடிக்கு எந்தத் திருடன் ஏறி வருவான் என்று அப்பா கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

9 ஜனவரி

"ஒரு மணி நேரம் தரிசனம்" மிகை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மிகையா? டெர்பிஷயரிலேயே கால்க் ஆபி என்று ஒரு வீடு. அங்கே இருந்த சர் வான்ஸி ஹார்ப்பர் க்ரூ, 1924இல் இறந்தவர், ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதி வேலையாள் கையில் கொடுத்தனுப்புவார். நேரில் பேச்சு அபூர்வம். எஸ்டேட்டுக்குள் மோட்டார் கார் நுழையக் கூடாது. மகள் ஒருத்தி சிகரெட் பிடித்தாள் என்று வீட்டை விட்டே அனுப்பிவிட்டார். மனிதருக்குப் பறவைப் பித்து, பாடம் பண்ணிய பறவைகள் அறை அறையாக அடைந்து கிடந்தன. அந்தக் குடும்பம் எதையும் தூக்கிப் போடாது, அறை நிறைந்தால் பூட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும். மின்சாரம் வந்தது 1962இல்தான்! 18ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பட்டுத் திரைக் கட்டில் ஒன்று பெட்டியிலேயே கிடந்து 1980களில்தான் வெளியே வந்தது. சாயம் துளிகூட மங்கவில்லை, ஏனென்றால் யாரும் அதில் படுக்கவே இல்லை.

அதே மாவட்டத்தில் ரெனிஷா ஹால். அந்தக் குடும்பத்தில் 1887இல் பிறந்த ஈடித் சிட்வெல் பின்னாளில் பெரிய கவிஞர். முதுகெலும்பு நேராக வேண்டும் என்று அவருக்குச் சின்ன வயதில் இரும்புச் சட்டம் மாட்டி வைத்திருந்தார்கள். அறைகள் எத்தனை இருந்தாலும் அந்தப் பிள்ளையால் ஓட முடிந்திருக்குமா?

10 ஜனவரி

ஆஸ்பத்திரி எப்படி இருந்தது என்று கேட்டவருக்கு.

நடன மண்டபம்தான் பெண்கள் வார்டு. கூரையில் சுதையில் செய்த இறக்கை வைத்த குழந்தைகள், திராட்சைக் கொத்து, நடுவில் சரவிளக்கு தொங்கிய கொக்கி மட்டும் மிச்சம். கீழே இரண்டு வரிசை இரும்புக் கட்டில். நூலகம் அப்பாவின் அறை. அலமாரியில் புத்தகம் போய்விட்டது, ஆனால் சுவரோடு சுவராக ஒரு கதவு, அதன்மேல் தோல் முதுகுகள் ஒட்டிப் புத்தக வரிசை போலவே செய்திருந்தது. பழக்கமில்லாதவர்கள் அப்பாவைப் பார்க்க உள்ளே வந்துவிட்டு, வெளியே போக வழி தெரியாமல் நிற்பார்கள். எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

சாப்பாடு ஏற்றும் சின்ன லிப்ட் ஒன்று, கயிறு இழுத்தால் வரும், கீழிருந்து நர்சரி வரை. கயிறு அறுந்து வருஷக்கணக்கானாலும் அது ஏறி இறங்கிய குழாய் திறந்துதான் கிடந்தது. அம்மா கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் வாசனை மாடிப்படி ஏறாமலே நேரே வார்டுக்கு இறங்கிவிடும். மேட்ரனிடமிருந்து புகார் வந்தது. நோயாளிகளிடமிருந்து வேறு மாதிரித் தகவல் வந்தது, மதியச் சாப்பாட்டில் அதில் கொஞ்சம் கிடைக்குமா என்று. கடைசியில் அப்பா ஒரு பலகையை அடித்துக் குழாயை மூடினார்.

வார்டில் ஒரு பாட்டி. இடுப்பெலும்பு முறிந்து, தேறுவதற்காக வந்தவர். இதே வீட்டில் பதினாலு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் கூரையை வெளிச்சத்தில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். வீட்டார் எழுவதற்குள் கணப்பில் சாம்பல் அள்ளி, இரும்புக்குக் கறுப்பு பாலிஷ் தேய்த்து, புது நெருப்பு மூட்டிவிட்டு, ஆள் வந்த தடமே இல்லாமல் போய்விட வேண்டுமாம். குளிர்காலத்தில் அப்போது விடிந்தே இருக்காது. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு வாளி, கண் முழுக்கத் தரையில். அம்மாவுக்கும் அவருக்கும் பாஷை பாதிதான் ஒத்துப்போகும், ஆனாலும் சாயங்காலத்தில் அம்மா அவர் கட்டில் பக்கம்தான் உட்கார்ந்திருப்பாள்.

12 ஜனவரி

"அப்படியானால் வேலைக்காரர் பிள்ளைகளுக்குத்தான் அந்த வீட்டில் குஷி" என்று ஒரு குறும்புக்காரர். குறும்பாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது.

சஸெக்ஸில் அப்பார்க் என்று ஒரு வீடு. 1880இல் அங்கே ஹவுஸ்கீப்பராகச் சேர்ந்தவர் சாரா வெல்ஸ். அவருடைய கடைசி மகன், அப்போது பதின்மூன்று பதினாலு வயது, கடை வேலையிலிருந்து துரத்தப்படும்போதும் உடம்பு சரியில்லாதபோதும் அம்மாவிடம் வந்து தங்குவான். பெயர் எச். ஜி. வெல்ஸ், பின்னாளில் பெரிய நாவலாசிரியர். பரண் அறையில் பிரித்துப் போட்டிருந்த ஒரு தொலைநோக்கியைக் கண்டெடுத்து, தானே பூட்டி, ராத்திரியில் நட்சத்திரம் பார்த்தான். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப் படித்தான், பிளேட்டோ உட்பட. பனி கொட்டி வெளியே போக முடியாத குளிர்காலத்தில் வேலையாட்களுக்காகக் கையால் ஒரு பத்திரிகை எழுதி விட்டான். அந்த வீட்டுப் பிரபுப் பிள்ளை எவனாவது இதில் பாதியாவது செய்திருப்பானா? அடுப்படி தனிக் கட்டிடம், வேலையாட்கள் வெளியே தலை காட்டாமல் வந்து போகத் தரைக்கடியில் சுரங்க நடை. மேலே வெளிச்சத்தில் ஒரு இனம், மண்ணுக்கடியில் ஒரு இனம் என்று அவர் பின்னாளில் கதை எழுதியதற்கு இந்தச் சுரங்கம்தான் வித்து என்று பலர் சொல்வார்கள். நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

அப்பார்க்கின் வேடிக்கை அதோடு முடியவில்லை. 1825இல் அந்த வீட்டுப் பிரபு சர் ஹாரி, எழுபது தாண்டியவர், தன் பால்பண்ணையில் வேலை பார்த்த இருபது வயசுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வீடு அவளுக்குப் போய், அவளுக்குப் பிறகு தங்கைக்குப் போனது. சாரா வெல்ஸ் வேலை பார்த்தது அந்தத் தங்கையிடம். எஜமானியும் பிறப்பால் மாடியைச் சேர்ந்தவர் இல்லை.

13 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால் வேலைக்காரர் வாழ்க்கை ஏதோ திருவிழா மாதிரி இருக்கிறது. பையனுக்கு நூலகம், சரி. அம்மாவுக்கு? கணக்கு, சாவி, வேலைக்காரிகளின் சண்டை, போகப்போகக் காதும் மந்தம். 1893இல் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வார்டுப் பாட்டிக்குக் கிடைத்தது மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று மூன்று நாளைக்கு முன் நானேதான் எழுதினேன். ஆகவே குஷி என்பது பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் யாரும் பார்க்காத நேரத்தில்.

15 ஜனவரி

போர்க்காலத்தில் நிலைமை தலைகீழ். 1939இல் சாட்ஸ்வொர்த்தை ராணுவம் எடுத்துக்கொள்ளும் என்று பயந்த அந்த வீட்டுப் பிரபு (டியூக்), சிப்பாய்களைவிடப் பள்ளிப் பெண்கள் வீட்டைக் குறைவாக நாசம் செய்வார்கள் என்று கணக்குப் போட்டு, வேல்ஸிலிருந்து பென்ரோஸ் கல்லூரி மாணவிகளை உள்ளே விட்டார். ராஜாவுக்கென்று வைத்திருந்த அறைகளில் வரிசையாகக் கட்டில். பட்லர் பாத்திரம் துலக்கும் அறையில் இயற்பியல் பாடம். 1946 வரை அங்கேதான் இருந்தார்கள். ஒரு குழாயடிச் சண்டைகூட அந்த ராஜா அறைகளில் அதற்கு முன் நடந்திருக்காது.

யார்க்ஷயரில் காசில் ஹோவார்டிலும் பெண்கள் பள்ளிதான். 1940 நவம்பரில் தீப்பிடித்து நடுக் குவிமாடமே சரிந்தது. அந்தப் பெண்களும் சேர்ந்து ஓவியங்களைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். குவிமாடத்தைத் திரும்பக் கட்ட 1960கள் ஆனது. வாடஸ்டனில் ராத்சைல்டு குடும்பம் குராய்டனிலிருந்து சுமார் நூறு குழந்தைகளை, எல்லாம் ஐந்து வயசுக்குக் கீழே, வைத்துப் பார்த்துக்கொண்டது. அந்த வீடுகள் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பிள்ளைச் சத்தம் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

16 ஜனவரி

குளிர் பற்றி யாருமே கேட்கவில்லையே? தலைமாட்டில் வைத்த தண்ணீர் காலையில் மேலே ஏடு கட்டியிருக்கும், பால் ஏடு இல்லை, பனி. நாங்கள் சட்டையைப் போர்வைக்குள் வைத்துச் சூடாக்கி உள்ளேயே மாட்டிக்கொண்டு எழுவோம்.

19 ஜனவரி

பெண் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்குமா என்று கேட்ட தோழிக்கு. பெரும்பாலும் கிடைக்காது. பட்டமும் அதோடு கட்டிப்போட்ட சொத்தும் மூத்த ஆண் வாரிசுக்கு. கென்ட்டில் நோல் என்ற வீட்டில் 1892இல் பிறந்த எழுத்தாளர் விட்டா சாக்வில் வெஸ்ட் ஒரே பிள்ளை. அந்த வீட்டுக்கு 365 அறை, 52 படிக்கட்டு, 7 முற்றம் என்று ஒரு பேச்சு உண்டு, நாள் வாரம் கிழமைக் கணக்கில். அத்தனையும் அவருக்கு மனப்பாடம், சின்ன வயதில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டியதே அவர்தான். 1928இல் அப்பா இறந்ததும் வீடு சித்தப்பாவுக்குப் போனது. காரணம் ஒன்றே ஒன்று, பெண். ஆயுள் முழுக்க அந்த ஆறாத புண்ணோடு இருந்தார். வளர்ந்த வீட்டை இழப்பது நம்மூரில் எந்த மகளுக்கும் புதுசில்லை, ஆனால் இவருக்குக் கல்யாணமாகிப் போனதால் அல்ல, சட்டத்தால்.

22 ஜனவரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். வீட்டின் பழைய குடும்பத்துக் கடைசி மகன். கனத்த கோட்டு, கைத்தடி. அப்பா மேலே கூட்டிவந்தார். அம்மா டீயும் முறுக்கும் வைத்தாள், அவர் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி உடைப்பதென்று தெரியாமல் விழித்தார். அப்புறம் எழுந்து, எங்கள் துணி அலமாரிக் கதவைத் திறந்து, உள்பக்கம் காட்டினார். பென்சில் கோடுகள். அண்ணன் தம்பிகள் உயரம், தேதியோடு. நாங்கள் வருஷக்கணக்காகச் சட்டை மாட்டிய அலமாரி, பார்த்ததே இல்லை. அவருடைய கோடு எட்டு வயதோடு நின்றுவிட்டது. விடுதிப் பள்ளி. ஒரு அண்ணனின் கோட்டை அவர் விரலால் தடவவே இல்லை, தொடாமல் தாண்டினார். போர் என்று அப்பா பிறகு சொன்னார்.

அதன்பிறகு என்ன பார்க்க விருப்பம் என்று அப்பா கேட்டதற்கு, அடுப்படி என்றார். அங்கே போனதே இல்லையாம், விடமாட்டார்களாம். வேலையாட்கள் பகுதியைப் பிரிக்கும் பச்சைத் துணி அறைந்த கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்கு அந்நிய தேசம். நானும் அண்ணனும் முன்னே ஓடி, பின்படி வழியாக இறக்கிக்கொண்டு போனோம். எந்தப் படி ஆடும், எங்கே தலை குனிய வேண்டும் என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே வந்தார். அடுப்படி வாசலில் வேலையாட்களைக் கூப்பிடும் மணிப்பலகை, சுருள் கம்பியில் தொங்கும் வெண்கல மணிகள், ஒவ்வொன்றின் கீழும் அறைப் பெயர். 'நர்சரி' என்று எழுதிய மணியைப் பார்த்து, இது அடித்தால் யாராவது வருவார்களா என்று சிரித்தபடி கேட்டார். அண்ணன் தயங்காமல் சொன்னான்: "கம்பி அறுந்துபோச்சு சார்."

25 ஜனவரி

"இதெல்லாம் நம்மிடம் கொள்ளையடித்த பணம்தானே" என்று ஒருவர் கோபமாக. எல்லாம் இல்லை. நிலக்கரி, கம்பளி, கரும்புத் தோட்டத்து அடிமைகள், நில வாடகை என்று பல வழி. 2020இல், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பு தன் பொறுப்பில் உள்ளவற்றில் 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை முறையோடும் தொடர்பு உண்டு என்று அறிக்கை விட்டு, அதற்குப் பெரிய ரகளை நடந்தது.

ஆனால் நம்ம ஊர்ப் பணம் எங்கே போயிற்று என்று ஒரு வீட்டைக் காட்டச் சொன்னால், ஹெர்ட்ஃபோர்டுஷயரில் வுட்ஹால் பார்க். 1770களில் கட்டியவர் தாமஸ் ரம்போல்டு, 1778 முதல் 1780 வரை மதராஸ் கவர்னர். 1790களில் அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்டு. சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்று சொல்லப்படும் அதே ஆள். கம்பெனியில் எஞ்சினியர் வேலை, பக்கத்தில் வட்டித் தொழில். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகத் தஞ்சாவூர் வருவாய்மீதே உரிமை கோரினார். அந்தத் தகராறில் மதராஸ் கவர்னர் பிகாட்டையே 1776இல் அவருடைய சொந்தக் கவுன்சில் ஆட்கள் பிடித்துச் சிறை வைத்தார்கள், அடுத்த வருஷம் காவலிலேயே இறந்தார். 1785இல் எட்மண்டு பர்க் நாடாளுமன்றத்தில் பென்ஃபீல்டைக் கிழித்துத் தொங்கவிட்டார். கடைசியில் மனிதர் திவாலாகி, பாரீசில் ஏழையாகச் செத்தார். காவிரித் தண்ணீரில் விளைந்ததைக் கொண்டு வாங்கிய வீட்டில் இப்போது பள்ளிக்கூடம் நடக்கிறது. அங்கேயும் பிள்ளைகள் படிக்கட்டுக் கைப்பிடியில் வழுக்கி விளையாட ஆசைப்பட்டுத் திட்டு வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

27 ஜனவரி

இந்த வீடுகளைக் கடைசியில் காலி செய்தது எது என்ற கேள்விக்குச் சுருக்கமாக: மரண வரி, அதாவது சொத்துக்காரர் இறந்தால் சொத்தின்மேல் விழும் வரி. 1894இல் ஆரம்பித்தது, 1949 வாக்கில் பெரிய சொத்துக்கு 80 சதவீதம். சாட்ஸ்வொர்த் டியூக் உயிரோடு இருக்கும்போதே சொத்தை மகனுக்கு மாற்றி வைத்தார், ஐந்து வருஷம் உயிரோடு இருந்தால் வரி இல்லை. 1950 நவம்பரில், கெடு முடியச் சில வாரம் இருக்கும்போது இறந்துபோனார். வரிக்காக ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு அரண்மனையையே அரசுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. கால்க் ஆபியும் 1981இல் ஒரு சாவு, வரி, 1985இல் நேஷனல் ட்ரஸ்ட். எங்கள் மாளிகையும் அப்படித்தான் ஆஸ்பத்திரி கைக்கு வந்தது என்று அப்பா சொல்வார். அந்த வரி இல்லாவிட்டால் எனக்கு அந்தப் பின்படிகள் கிடைத்திருக்காது, ஆகவே இதில் நான் நடுநிலை இல்லை.

2 பிப்ரவரி

பிள்ளைகளோடு லண்டன் வருகிறவருக்கு: ஒரே வீடுதான் பார்க்க நேரம் என்றால் நோல். லண்டனிலிருந்து செவனோக்ஸுக்கு ரயில், அங்கிருந்து நடந்தே போகலாம். கார் இருந்தால் கால்க் ஆபி, அங்கே தரைக்கடியில் சுரங்க வழி உண்டு, பெரிய அறைகளைவிடப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். அப்பார்க் 1989இல் கூரை வேலையின்போது தீப்பிடித்து எரிந்து, 1995இல் திரும்பத் திறந்தது. அங்கே போனால் முதலில் கீழ்த்தளம், அப்புறம் மேலே. ஆகஸ்டாக இருந்தாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நோல் பூங்காவில் மான்கள் பக்கத்திலேயே வரும், பிள்ளைகள் கையிலிருப்பதைக் கொடுக்கப் பார்ப்பார்கள், கொடுக்க விடாதீர்கள்.